பின்பலகையில் எழுதியிருந்த மாப்பிள்ளை

போன வாரம் ஷா ஆலம் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு கொள்கலன் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கார் ஓட்டியது என் மகன். நகர்கிற வழியாக இல்லை. பொழுது போகட்டும், முன்னால் நிற்கிற லோரியைப் படிப்போம் என்று பார்த்தால் படிக்க என்ன இருக்கிறது? கம்பெனி பெயர், வேக வரம்பு, நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா என்று மலாயில் கேட்டு ஒரு தொலைபேசி எண். அவன் ஒழுங்காக ஓட்டுகிறானா என்று நான் போன் போட்டு யாருக்கோ சொல்ல வேண்டுமாம். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

நம் வயதுக்காரர்களுக்கு என் எரிச்சல் புரியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கிள்ளானில் ஓடிய லோரிகள் இப்படியா ஊமையாய்ப் போயின? வாய் ஓயாமல் அல்லவா பேசின! எங்கள் வீடு பந்திங் போகும் சாலையை ஒட்டிய வரிசை வீடு. வீட்டு முன்னால் சாலை கொஞ்சம் மேடாகி ஒரு சின்னப் பாலத்தில் ஏறும். பாரம் ஏற்றிய லோரிகள் அங்கே வந்ததும் முனகிக்கொண்டு மெதுவாகும். நானும் தெருப் பிள்ளைகளும் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து போட்டி போட்டுப் படிப்போம். டீசல் புகையும் ஈர மணல் வாசமும் செம்பனைக் குலையின் புளித்த வாசமும் கலந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்கு எழுத்துக்கூட்டத் தோன்றும்.

"அவசரமா? நேற்றே கிளம்பியிருக்கலாமே!" என்று செங்கல் லோரி ஒன்று கேட்கும். "பொறாமைப்படாதே, நீயும் உழை" என்று ஒன்று புத்தி சொல்லும். சீன முதலாளியான தவுக்கேயின் லோரியில் "ஜாஙான் மாரா", கோபப்படாதே என்று மலாயில் இருக்கும். "முத்தம் வேண்டாம், தூரம் போதும்" என்று எழுதிய பலகை லோரி ஒன்றும் இருந்தது. அதற்கு அர்த்தம் கேட்டு அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கியவள் நான்தான்.

இதில் ஒரு முறை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முன்நெற்றி சாமிக்கு. முருகன் துணை, அம்மன் அருள், அம்மா ஆசி, எதுவானாலும் முன்னால்தான். அது வீட்டார் விருப்பம். பின்பலகை மட்டும் ஓட்டுகிறவனின் சொந்தச் சரக்கு. அவன் மனசில் என்ன கிடக்கிறதோ அதை வண்ணம் தீட்டுபவரிடம் சொல்லி எழுதி வாங்குவான். அதனால் பெரியவர்கள் ஒரு லோரிக்காரனைப் பற்றிப் பேசினால், "அவன் பின்னால என்னா எழுதியிருக்கான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

என் அப்பா தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவருக்கு இதில் பெரிய கர்வம். "பின்பலகையக் காட்டு, ஆளச் சொல்லிடுறேன்," என்பார். சில நாள் பாலத்தில் ஊர்கிற லோரியோடு கூடவே நடந்து, துணைக்கால் விட்டுப்போன விஷயத்தை ஓட்டுநருக்கு எடுத்துச் சொல்வார். "சரி சார், சரி சார்," என்று அவர்கள் கியரை மாற்றிக்கொண்டு தப்பித்துப் போவார்கள்.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். என் அத்தை. ஷா ஆலத்தில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை. விடியும்போது ஆலைப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். கல்யாண வயது கடந்துகொண்டிருக்கிறது என்று சாலையில் போகிறவர்கள்கூட அப்பாவுக்கு நினைவூட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மாப்பிள்ளை ஆலை வேலையை விடச் சொன்னான். இன்னொருவன் அத்தையின் பேச்சு அதிகம் என்றான். அதிகம்தான். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் என்ன இருந்தது? அப்பாவின் இலக்கணமும் அம்மாவின் சாம்பாரும்தான் இருந்தன.

அப்போதுதான் தரகர் ஒருவர் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அந்த வரனைக் கொண்டுவந்தார். சொந்தமாக ஒரு மணல் லோரி வைத்து ஓட்டுகிறவர். பெற்றோர் இல்லை, ஒரே ஒரு அக்கா. இரவல் காரில் அக்காவோடு பெண் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கேசரியை நீட்டினால் எடுத்துக்கொண்டார், தண்ணீரை நீட்டினால் குடித்தார், வாயைத்தான் திறக்கவில்லை. அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் வேலைய விடமாட்டேன். உங்களுக்குச் சரியா?" என்று நேரே கேட்டுவிட்டாள்.

"உங்க வேல உங்க இஷ்டம்லா," என்றார் அவர். "பஸ்ஸு வராட்டி நான் லோரில கொண்டாந்து விடுறேன்."

அத்தை சிரித்துவிட்டாள். அப்பா முறைத்தார். ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள். அத்தை ஆலையிலிருந்து வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று முடியைப் பல விதமாகப் பின்னிப் பார்ப்பாள். "லோரில ஏறணும்னா புடவ சரிவருமாடி?" என்று என்னிடம் யோசனை கேட்பாள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக் கிராணிதான் அதில் மண்ணைப் போட்டார். துறைமுகத்தில் கணக்கு எழுதும் மனுசர். ஒரு சாயங்காலம் வேலி ஓரம் நின்று, "வாத்தியாரே, சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க," என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் என்றைக்காவது நல்ல சேதி சொல்லியிருக்கிறார்களா? "உங்க மாப்பிள்ள லோரியப் பார்த்தேன். பின்னால 'பெண்ணை நம்பாதே'ன்னு எழுதியிருக்கு. நல்லா கொட்ட எழுத்துல."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அப்பா என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு தெலுக் பங்லிமா காராங்குக்குப் போனார். என்னை ஏன் கூட்டிப் போனார் என்று தெரியவில்லை. தனியாகப் போகப் பயந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு டீக்கடை முன்னால் அந்த லோரி நின்றது. கிராணி பொய் சொல்லவில்லை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் கறுப்பு நிழல் கொடுத்து, பூவேலை எல்லாம் செய்து: பெண்ணை நம்பாதே.

அதுகூடப் பரவாயில்லை. அந்த எழுத்துக்கு மாலை போட்டிருந்தது! ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் சந்தனம், குங்குமம். கீழே கொக்கியில் எலுமிச்சம்பழம். எழுதி வைத்த ஆட்களை அப்பா பார்த்திருக்கிறார், எழுதியதைக் கும்பிடுகிற ஆளைப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை கடையிலிருந்து ஓடி வந்தார். எனக்கு ஐஸ் மைலோ சொன்னார். அப்பாவுக்கு அந்த வார்த்தையை என் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். சுற்றி வளைத்துக் கேட்டார்.

"தம்பி, லோரி பின்னால ஒண்ணு எழுதியிருக்கே…"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா சார். நல்லா இருக்கா சார்?"

"மனசார நம்பித்தான் வச்சிருக்கீங்களா?"

"என்னா சார் அப்படிக் கேட்டுட்டீங்க? அதான் எனக்கு எல்லாம். காலைல தொட்டுக் கும்பிடாம லோரி எடுக்க மாட்டேன். ஒரு கீறல் பட்டதில்ல சார் இன்ன வரைக்கும்."

"கல்யாணத்துக்கு அப்புறமும் இது இருக்குமா?"

"இருக்காம? வீட்டுக்கு வர்றவங்களையும் தெனம் பூ போடச் சொல்லுவேன் சார்!"

அப்பா டீயைத் தொடவில்லை. நான் மட்டும் மைலோவை உறிஞ்சி முடித்தேன். திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் முதுகு விறைத்துப்போய் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் கதை கட்டுவது ஆரம்பமானது. முதல் பொண்டாட்டி ஒருத்தி இருந்து ஓடிப்போயிருப்பாள் என்றார் கிராணி. யாரோ ஒருத்தி ஏமாற்றியிருப்பாள், அந்தக் கோபத்தை நம் வீட்டுப் பெண்மேல் காட்டுவான் என்றாள் கிராணியின் மனைவி. அந்த முன்கோபக்காரனை, குடிகாரனை, பெண்டாட்டியை அடிக்கிறவனை எல்லாருமாகச் சேர்ந்து ஒரு வாரத்தில் உருவாக்கிவிட்டார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேசரி தின்ற மனுசனை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"ஒரு தடவ அவருகிட்ட ஒடச்சுக் கேளுங்கண்ணே," என்றாள் அத்தை. "அவரு அப்படிப்பட்டவரு இல்ல. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்னா தெரியும்? ஒரு மணி நேரம் பார்த்தவ நீ. அவன் வாயாலயே சொல்லிட்டான். பொம்பளைங்க பேச்சக் கேட்டு இதெல்லாம் முடிவு பண்ண முடியாது."

தரகரிடம் பொருத்தம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார் அப்பா. அத்தை அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலாம். பேசாமல் இருந்தாள். ஆலைக்குப் போனாள், வந்தாள், தட்டில் போட்டதைப் பாதி தின்றாள். முடியைப் பின்னாமல் ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு டீக்கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மாலை, குங்குமம், "நல்லா இருக்கா சார்" எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"மாலையா? எழுத்துக்கா?"

"ஆமா. ஒவ்வொரு எழுத்துக்கும் பொட்டு."

"வெறுப்புல எழுதறவன் எழுதிட்டுப் போவான்டி. பொட்டு வைக்க மாட்டான்," என்றாள். "இதுல என்னமோ இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பாசார் பை எடுக்கவில்லை. அம்மா அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வெயிலு. பத்திரமாப் போய்ட்டு வாங்க," என்றாள். என் அம்மா அதிகம் பேசாதவள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் பேச வேண்டிய நேரம் வரட்டும் என்று வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

பேருந்தில் தெலுக் பங்லிமா காராங் போய் இறங்கினோம். டீக்கடையில் விசாரித்தால் கை காட்டினார்கள். மாப்பிள்ளை தன் அக்கா வீட்டு ஓரத்தில், ரம்புத்தான் மரத்தடியில் லோரியைக் கழுவி நிறுத்தியிருந்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் குங்குமக் கிண்ணம். எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். பொருத்தம் இல்லை என்று சொன்ன வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றால் பாவம் என்ன செய்வார்?

"உள்ள வாங்க, அக்கா இருக்கு," என்றார்.

"இருக்கட்டும். இத ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க," என்று பின்பலகையைக் காட்டினாள் அத்தை.

அவர் பலகையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது," என்றார்.

அவருடைய அம்மா சீனத் தவுக்கே வீட்டில் வேலை செய்தாராம். பிள்ளையைத் தனியாக விட முடியாமல் தவுக்கே பிள்ளைகளோடு சீனப் பள்ளியிலேயே போட்டுவிட்டாராம். சீனம் எழுதுவார், மலாய் எழுதுவார். அக்கா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. லோரியை இவருக்கு விற்ற காப்பார் ஊர்க்காரன், "ராசியான லோரி, எழுத்த மட்டும் அழிக்காதே," என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். இவர் அம்மன் பேர் என்று நினைத்துக்கொண்டார்.

"இத்தன நாளு யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லுவாங்களே! கடையில ஆம்பளைங்க தோள்ல தட்டி, 'சரியா எழுதின பாஸ்!'ம்பாங்க. பக்தியப் பாராட்டுறாங்கன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாப்புல பொம்பளைங்கதான் மொறைப்பாங்க. மணல் தூசி பறக்குதுன்னு கோவமாக்கும்னு தார்ப்பாயப் போட்டு மூடினேன்."

அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்தாள், பிறகு பார்த்தால் கண்ணில் தண்ணீர். எனக்கும் சிரிப்பு. அவர் மட்டும் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். அப்புறம் அத்தை எழுந்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்துச் சொன்னாள்.

"அலாமாக்!" என்றார் அவர். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய் தின்னரும் உப்புத்தாளும் கொண்டுவந்தார்.

"எங்க அண்ணன் தமிழ் வாத்தியாரு," என்றாள் அத்தை மெதுவாக. "இதக்கூட மன்னிச்சிருவாரு. தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னா மன்னிப்பாரான்னு தெரியல."

அப்பாவை எனக்குத் தெரியும். தமிழ் தெரியாத தமிழனைப் பற்றி அவர் மேடையில் பேசும்போது மைக் தேவைப்படாது.

"வேற எதாச்சும் சொல்லிப்போமா? பழைய ஓனரு எழுதினது, அழிக்க மறந்துட்டேன்னு?" என்றாள் அத்தை.

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "வேணாம். பின்னால தெரிஞ்சா உங்களத்தான் ஏசுவாரு. நானே வந்து சொல்லிடுறேன்."

அன்று சாயங்காலமே வந்துவிட்டார். இந்தமுறை காரில்லை. லோரியிலேயே வந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். அதே வெள்ளைச் சட்டை. அப்பா கூடத்தில் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

அப்பா ஜன்னல் வழியே லோரியைப் பார்த்தார். பின்பலகையில் மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் மரம் தெரிந்தது.

"என்னா, அழிச்சிட்டீங்களா?"

"ஆமா சார். தப்பா எழுதியிருந்துச்சு. எனக்குத் தெரியல. எனக்குத் தமிழ் வாசிக்க வராது சார்."

சொல்லிவிட்டார். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை, தலையையும் குனியவில்லை. அப்பா சிவப்பு மசிப் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். இனிமேல் ஆரம்பிப்பார், தெரு முழுக்கக் கேட்கும் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அத்தைக்கு மூச்சே இல்லை.

"வாசிக்கத் தெரியாதுன்னா, அதுல என்னா எழுதியிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க தங்கச்சி வாசிச்சுச் சொன்னாங்க சார்."

அப்பாவின் தலை அறைக் கதவுப் பக்கம் திரும்பியது. பிறகு அவரிடமே திரும்பியது.

"சரிதானான்னு வேற யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"அவ மாத்திச் சொல்லியிருந்தா? நெசமாவே அது அம்மன் பேரா இருந்திருந்தா? இத்தன வருஷம் கும்பிட்டத, ஒரு பொம்பள சொன்னான்னு உடனே அழிச்சிருவீங்களா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"அவங்க ஏன் சார் மாத்திச் சொல்லப் போறாங்க?"

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எழுதி வச்சுக்கிட்டு சுத்துனது இவரு," என்றாள். "அதும்படி நடந்தது நீங்க."

அப்பா கழற்றிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காலமெல்லாம் மற்றவர் எழுத்தில் பிழை பார்த்த மனுசர். ஜன்னல் வழியே அந்த வெறும் பலகையை மறுபடி பார்த்தார். என்ன நினைத்தாரோ, முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. அப்பா சிரித்தார். வாத்தியார் சிரித்து அந்த வரிசை வீட்டுக்காரர்கள் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும், கிராணி வேலிக்கு ஓடி வந்துவிட்டார்.

அத்தையின் கை என் மணிக்கட்டை விட்டது. அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு என் உச்சந்தலையில் சுட்டது.

"இன்னும் என்னாங்க நிக்க வச்சே பேசறீங்க?" என்றாள் அம்மா.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நல்லா சாஞ்சு உக்காருங்க மாப்பிள்ள," என்றார்.